பதினேழாம் கேள்வி

எங்கள் ஆய்வு நிலையத்தில் முதலில் கட்டி முடிந்தது மதில்தான். உரும்பிராயில் எட்டுப் பரப்புக் காணி, சுற்றிவர ஆறடி மதில், முன்னால் இரும்புக் கேற். உள்ளே அத்திவாரம்கூட வெட்டவில்லை. வெற்றுக் காணிக்குள் வந்து எவன் எதைத் திருடப் போகிறான் என்று பஞ்சலிங்கத்தைக் கேட்டேன். "களவுக்கு இல்லை, டொக்டர் பிள்ளை. றோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாப்பான்," என்றார். எட்டிப் பார்த்தால் என்ன, நாலு எருக்கலையும் ஒரு கிணறும் தெரியும். அதை மறைக்க மூன்று மாதம் போனது.

நான் குழந்தை வைத்தியர். நிரோஜினி என்று பெயர், வீடு கொக்குவிலில். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் விடுதியில் வேலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருகிற அரிதான நோய்களைக் கண்டுபிடிக்க இங்கே வசதி இல்லை. இரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் சில பிள்ளைகள் தானாகச் சுகமாகிவிடும், சில பிள்ளைகள் செத்துப் போய்விடும். அந்த இரத்தத்தை இங்கேயே சோதிக்க ஒரு நிலையம் வேண்டும், இங்கே படித்த பிள்ளைகளையே அதற்கு விஞ்ஞானிகளாகப் பழக்க வேண்டும் என்பது என் ஆசை. என் கணவர் அதை ஆசை என்று சொல்லமாட்டார். விசர் என்பார்.

அந்த விசருக்குக் காணியும் காசும் தந்தவர்தான் பஞ்சலிங்கம். அறுபது வயது, முப்பத்தைந்து வருட லண்டன் வாழ்க்கை, அங்கே இரண்டு பெற்றோல் செற். அவருடைய தங்கை தயாளினியின் மகன் மயூரதன் பதினொரு வயதில் இறந்துபோனான். மருமகனின் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவராகவேதான் என்னைத் தேடி வந்தார்.

மயூரதனின் கடைசி ஒன்பது நாளும் என் விடுதியில்தான் போனது. அதற்கு முன் ஆறு மாதம் வீட்டில் செங்கமாரி, வெறும் மஞ்சள் காமாலை என்று ஊர்வைத்தியம் பார்த்திருந்தார்கள். என்னிடம் வரும்போது ஈரல் முடிந்துவிட்டது. கருவிழியின் ஓரத்தில் மண்ணிறத்தில் ஒரு வளையம் ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வில்சன் நோய். சாப்பாட்டில் வருகிற செம்பை வெளியே தள்ளத் தெரியாமல் உடம்பு அதை ஈரலில் சேர்த்து வைக்கும். பரம்பரையாக வருவது. நேரத்தோடு கண்டுபிடித்தால் நாளாந்தம் குளிசை போட்டுக்கொண்டு பிள்ளை படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பேரப்பிள்ளை காணலாம். பிந்தினால் மயூரதன்.

பிழையான மரபணு தாயிடம் ஒன்றும் தகப்பனிடம் ஒன்றும் இருந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும். அப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மயூரதனுக்கு ஒரு தங்கை இருந்தாள், தர்சிகா. அப்போது ஏழு வயது. அவளிடமிருந்து ஒரு ஊசி இரத்தமும் ஒரு நாள் சிறுநீரும் வேண்டும் என்று கேட்டேன். மூன்று வருடமாகக் கேட்டேன்.

முதல் தடவை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமையில் வீட்டுக்கே போனேன். தகப்பன் முத்துக்குமாரு தோட்டத்திலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு, "மச்சானைக் கேட்டுச் சொல்லுறம்," என்றார். மச்சான் பஞ்சலிங்கம். அந்த வீட்டில் கிணற்றுக்கு மோட்டார் பூட்டுவதென்றாலும் லண்டனைக் கேட்டுத்தான். தயாளினி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அன்று பின்னேரமே லண்டனிலிருந்து போன் வந்தது.

"டொக்டர் பிள்ளை, எங்கடை குடும்பத்திலை உப்பிடி ஒரு வருத்தம் இல்லை. அவனுக்கு வந்தது செங்கமாரி."

"ஐயா, நான் கண்ணாலை கண்டனான். தங்கச்சிக்காரிக்கும் இருக்கலாம். இப்ப பிடிச்சால் ஒரு பிரச்சினையும் இல்லை."

"சரி, பாத்து இருக்கெண்டு எழுதினால்? ஊரிலை ஒருத்தன் கேள்விப்பட்டால்? நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேசேலுமோ?"

ஏழு வயதுப் பிள்ளைக்குக் கலியாணம். முன்பற்கள் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டுச் சுவரோடு பேசினேன். சுவர் பஞ்சலிங்கத்தை விட நல்ல மாதிரி, குறுக்கே கதைக்காது.

இரண்டாவது தடவை மதில் கட்டும்போது கேட்டேன். மூன்றாவது தடவை கூரை போடும்போது. இரண்டு தடவையும் அதே பதில். பிள்ளைகளின் நோயை ஆராய ஊரெல்லாம் பார்க்கக் கட்டடம் எழுப்புகிற மனிதன், தன் வீட்டுப் பிள்ளையின் இரத்தத்தில் ஒரு துளி தரமாட்டேன் என்கிறார். காசு அவருடையது, காணி அவருடையது, நான் வாயை மூடிக்கொண்டு கட்டடத்தைப் பார்த்தேன். அப்படி மூடினதற்காக எனக்கு என்மேலேயே ஆத்திரம்.

அவரை மட்டும் சொல்லி என்ன. கட்டடம் எழும்ப முதலே நாங்கள் ஆய்வைத் தொடங்கியிருந்தோம். வலிகாமத்தில் இப்படி நோய்ப்பட்ட பிள்ளைகள் இருக்கிற இருநூற்றுப் பதினாலு குடும்பங்களுக்குப் படிவம் கொடுத்தோம். அதில் பதினேழாம் கேள்வி, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்பது. இருநூற்றுப் பதினாலு பேரும் "இல்லை" என்று எழுதினார்கள். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் ஒரே வருத்தத்தோடு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். அவளும் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். "அப்ப அடுத்த கட்டிலிலை கிடக்கிறது ஆர் அம்மா?" என்றேன். "அது மூத்தவன், டொக்டர். அவனுக்குக் கண்ணூறு."

படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் ஜெனிற்றா. குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளை, உயிர் இரசாயனத்தில் பட்டம் எடுத்தவள், எங்கள் நிலையம் பழக்க எடுத்த முதலாவது விஞ்ஞானி. நிலையம் என்று ஒன்று இல்லாததால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழகிக்கொண்டிருந்தாள். "எங்கடை பக்கத்திலையும் உதுதான், டொக்டர். பாவசங்கீர்த்தனத்திலை களவு, பொய் எல்லாம் சொல்லுவினம். வருத்தத்தை மட்டும் சுவாமிக்கும் சொல்லமாட்டினம்," என்றாள்.

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு, மூச்சு இழுக்கும். கலியாணம் பேசினபோது அம்மா அந்த இழுக்கிற மருந்தைத் தையல் பெட்டிக்குள் ஒளித்து வைத்தா. நான் அப்போது டொக்டராகி இரண்டு வருடம். ஒளிக்காதேங்கோ என்று நான் சொல்லவில்லை. கலியாணம் முடிந்து நாலாம் மாதம் ஒரு பனிக்காலத்தில்தான் என் கணவருக்குத் தெரிந்தது. இன்றைக்கும் சண்டை என்று வந்தால் அவர் அங்கேயிருந்துதான் தொடங்குவார்.

கட்டடக் கதையைச் சொல்லப் போனால் விடியும். இரத்தம் சோதிக்கிற அறை சனி மூலையில் வருகிறதென்று யாரோ சொல்ல, போட்ட அத்திவாரத்தைக் கிண்டி அறையை மாற்றினார்கள். மாற்றின அறைக்கு வெயில் நேரே அடித்தது. குளிர்ப்பெட்டிகள் வைக்கிற அறைக்கு வெயில் கூடாது என்று நான் கத்த, மேசன்மார் என்னையும் பஞ்சலிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்கள். கடைசியில் யன்னலை அடைத்தோம். பிறகு ஒரு நாள் போனால் பெயின்ற் அடிக்கிறவர் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற புது இயந்திரத்தின் மூடியில் சிவப்பு எழுத்தில் "அன்பளிப்பு: பஞ்சலிங்கம் குடும்பம், லண்டன்" என்று எழுதி முடித்துப் பூ வரைந்துகொண்டிருந்தார். மின்விசிறியில் எழுதுகிற வழக்கம் தெரியும், கோயில் கதிரையில் எழுதுவதும் தெரியும். இதைப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "பூ வேண்டாமோ, டொக்டர்?" என்று கேட்டார் அந்த மனிதன்.

இதற்கு நடுவில் ஜெனிற்றாவுக்குக் குடும்ப வரைபடம் கீறப் பழக்கினேன். யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எந்த நோய் என்று வட்டமும் சதுரமும் போட்டுக் கீறுவது. மயூரதனின் குடும்பத்தையே உதாரணமாகக் கொடுத்தேன். அவள் கீறி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டொக்டர், இது மாற்றுச் சம்பந்தம் எல்லோ?"

உண்மைதான். பஞ்சலிங்கம் கட்டினது முத்துக்குமாருவின் அக்காவை. பிறகு வருடங்கள் கழித்துப் பஞ்சலிங்கத்தின் தங்கை தயாளினியை முத்துக்குமாருவுக்குக் கொடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் காணி வெளியே போகாது. போதாததற்கு இரண்டு வீடும் முதலே சொந்தம். காணியைப் போலவே நோயும் வெளியே போகாமல் அந்த இரண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றும் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. மயூரதனுக்கு வந்தால் பஞ்சலிங்கத்தின் பிள்ளைகளுக்கும் வரக்கூடும்.

பஞ்சலிங்கம் ஊருக்கு வந்திருந்த நேரம் அதையும் கேட்டேன். அவர் நிலத்தில் பதிக்கிற ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "என்ரை பிள்ளையளுக்கோ? சிவகரன் கொம்பியூட்டர் எஞ்சினியர். மகள் எக்கவுண்டன்ற். காய்ச்சல் தடிமன்கூட வாறேல்லை," என்றார். சொல்லிவிட்டு எண்ணினதை மறந்து முதலிலிருந்து தொடங்கினார்.

ஒருவழியாகப் போன தை மாதம் திறப்பு விழா. சுபநேரம் காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து பத்து நாலு வரை. நான் விரும்பினது நாடா வெட்டி, நாலு பேர் கதைத்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவது. பஞ்சலிங்கம் விரும்பினது பால் காய்ச்சுவது.

"வீட்டுக்கு எல்லோ ஐயா பால் காய்ச்சுறது?"

"புதுக் கட்டடம் எல்லாத்துக்கும் ஒண்டுதான், டொக்டர் பிள்ளை."

"அப்ப முத்தத்திலை காய்ச்சுங்கோ."

"முத்தத்திலை ஆராவது காய்ச்சுவினமோ? எங்கை முதல் வேலை நடக்குதோ அங்கைதான்."

ஆகவே ஒரு தூசியும் இருக்கக் கூடாதென்று நான் இரண்டு கிழமை துடைத்த ஆய்வுகூடத்துக்குள், நிறைகுடம், குத்துவிளக்கு, ஐயர், சாம்பிராணித் தட்டம், எண்பது சனம். ஆய்வு மேசையிலேயே அடுப்பு வைத்துப் பானையை ஏற்றினார்கள். சாம்பிராணிப் புகையில் கூரையிலிருந்த தீ எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. "நல்ல சகுனம், மணி அடிக்குது," என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டா. ஜெனிற்றா கதிரையில் ஏறி மணியின் பற்றறியைக் கழற்றினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்து மின் இணைப்புகள் இருந்த ஓட்டைக்குள் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அதோடு விடவில்லை. நிலையத்தின் முதல் வேலையும் சுபநேரத்துக்குள் நடக்க வேண்டுமாம். கடைக்குக் கைராசி பார்த்து முதல் வியாபாரம் செய்வது போல, நட்சத்திரம் பார்த்து ஒரு பிள்ளையிடமிருந்து முதல் இரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு ஓய்வுபெற்ற அதிபர் அருட்பிரகாசத்தின் பேரனைத் தெரிவு செய்திருந்தார்கள். ஆறு வயது, புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கதிரையில் நல்ல பிள்ளையாக ஏறி இருந்தான். நான் ஊசியை எடுத்ததும் ஒரு அலறல். வேட்டி என் கையில், பிள்ளை வெளியே. அதிபரும் இன்னும் நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அவன் நிற்பது தெரிந்தது, ஆனால் யாராலும் பிடிக்க முடியவில்லை.

"பத்து மணிக்கு ஒரு நிமிசம். இன்னும் அஞ்சு நிமிசம்தான் கிடக்கு," என்றார் ஐயர்.

பஞ்சலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "வேறை ஆரும் பிள்ளையள் இல்லையோ? ஆரும் ஒண்டு வாங்கோ!" என்று சனத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். சனம் தங்கள் பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து தயாளினி வந்தாள். மூன்று வருடமாக என் முகத்தைப் பார்க்காத தயாளினி. தர்சிகாவின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து கதிரையில் இருத்தினாள். பத்து வயது, இரட்டைப் பின்னல், அழாத பிள்ளை.

"இவளிட்டை எடுங்கோ, டொக்டர்."

"அவள் வேண்டாம்!" பஞ்சலிங்கம் கத்தினார். வந்த சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

எண்பது சனமும் அவரைப் பார்த்தது. "ஏன் அண்ணை, உங்கடை மருமோள் தானே? மயூரதன்ரை தங்கச்சி எல்லோ? இதைவிடப் பொருத்தம் என்ன?" என்று யாரோ கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்கு அவர் என்ன சொல்வார்? இவளுக்கு நோய் இருக்கலாம், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடாது என்றுதானே மூன்று வருடம் காவல் காத்தார். "மூண்டு நிமிசம்," என்றார் ஐயர்.

நான் குனிந்து தயாளினியிடம் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, பேருக்கு எடுக்கவோ, இல்லாட்டி எல்லாம் பாக்கவோ?"

"எல்லாம் பாருங்கோ. அவனுக்கு வந்ததையும் பாருங்கோ."

"கையெழுத்து வேணும்."

அவள் படிவத்தை வாங்கி நின்றபடியே கையெழுத்து வைத்தாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. நான் ஊசியைப் போட்டேன். தர்சிகா குழாய்க்குள் இரத்தம் ஏறுவதை ஆர்வமாகப் பார்த்தாள். சனம் கை தட்டியது, நாதஸ்வரம் திரும்பத் தொடங்கியது, எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பஞ்சலிங்கத்தின் சுபநேரத்தில் ஒரு மரியாதை வந்தது.

ஜெனிற்றா அந்த இரத்தத்தை மூன்று தடவை சோதித்தாள். அவள் தனியாகச் செய்த முதல் சோதனை, பிழை விடக்கூடாது என்று பயம். மூன்று தடவையும் ஒரே முடிவு. ஒரு நாள் சிறுநீரைத் தயாளினி பெரிய போத்தலில் சேர்த்து, அண்ணன் வந்து போகிற வீடென்பதால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, துவாயால் சுற்றி சைக்கிள் கூடையில் கொண்டுவந்தாள். அதில் செம்பு அளவுக்கு மேல். ஈரல் கொஞ்சம் வீங்கியிருந்தது, ஆனால் வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணில் வளையம் இன்னும் வரவில்லை. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனிற்றா அழுதாள். நோயைக் கண்டுபிடித்த சந்தோசமா, பிள்ளைக்கு நோய் இருக்கிற துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு இரண்டும் இருந்தது. அவற்றுக்கு மேலே, ஏழு வயதில் கண்டுபிடித்திருக்கலாமே என்ற எரிச்சலும் இருந்தது.

தயாளினியை வரச் சொன்னேன். "அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாறன். அவருக்கும் முன்னாலை சொல்லுங்கோ. பிறகு ஒருத்தரும் இல்லையெண்டு கதைக்கக் கூடாது," என்றாள். அந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு இருந்ததா என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை நிலையத்தில் என் அறைக்குத் தர்சிகாவோடு மூன்று பேராக வந்தார்கள். பஞ்சலிங்கத்தோடு சண்டை பிடிக்க இரவு முழுக்க வசனம் தயாரித்து வைத்திருந்தேன். பிள்ளையின் உயிர் பெரிதா, நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளை பெரிதா என்று தொடங்குவது. ஒன்றும் தேவைப்படவில்லை. நான் முடிவைச் சொன்னபோது அவர் எதிர்க்கவேயில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தயாளினி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு, அக்கா. ஈரல் நல்லாத்தான் கிடக்கு. நேரத்துக்குப் பிடிச்சிட்டம். இந்தக் குளிசையை ஒழுங்காக் குடிச்சால் பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது," என்று சீட்டை எழுதி நீட்டினேன்.

தயாளினி சீட்டைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் மருந்தின் பெயர். அதை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று நான் சொல்ல வாயெடுக்க முதல் பஞ்சலிங்கம் கண்ணை மூடினபடியே சொன்னார்.

"வெறும் வயித்திலை குடுக்க வேணும், தங்கச்சி. சாப்பிட ஒரு மணித்தியாலம் முந்தி. பாலோடை குடுத்திடாதை. உதோடை பீ சிக்ஸ் விற்றமினும் குடுக்க வேணும், இல்லாட்டி நரம்புக்குக் கூடாது. ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது. சுகமாப் போச்செண்டு நிப்பாட்டினால் திரும்ப வரும்."

விற்றமினை நான் இன்னும் சீட்டில் எழுதவில்லை. இதெல்லாம் ஒரு பெற்றோல் செற் முதலாளிக்குத் தெரிய வேண்டிய விசயமும் இல்லை.

"ஐயா," என்றேன். "ஆருக்கு?"

அவர் கண்ணைத் திறந்தார். "சிவகரனுக்கு."

"எத்தினை வருசம்?"

"இருவத்திரண்டு. பதின்மூண்டு வயசிலை கண்டுபிடிச்சவை. கை நடுங்கினது, எழுதேலாமல் போனது. அங்கத்தை டொக்டர்மார் உடனை பிடிச்சிட்டினம். சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லுங்கோ, எல்லாரையும் சோதிக்க வேணும் எண்டு கடிதமும் தந்தவை." அவர் தங்கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார். "அப்பதான் தங்கச்சிக்கு நாள் வைச்சிருந்தது. மண்டபமும் எடுத்தாச்சு. அந்தக் கடிதத்தைக் காட்டினால் கலியாணம் குழம்பும். குழம்பினால் மாற்றுச் சம்பந்தம், என்ரை வீடும் குழம்பும். பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு மகளுக்குப் பேச்சு வந்தது. பிறகு சிவகரனுக்கு. அவன்ரை பெஞ்சாதிக்கே முடிச்சாப் பிறகுதான் தெரியும்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், மேசையில் கையை ஊன்றி எழும்பியும் விட்டேன். பதினாறு வருடத்தில் எத்தனையோ தாய் தகப்பன்மாரைத் திட்டியிருக்கிறேன், ஒருவரையும் வெறுத்ததில்லை. இந்த மனிதனை அந்த நிமிடம் வெறுத்தேன். இந்தச் சுவர், கூரை, குளிர்ப்பெட்டிகள், பூ வரைந்த இயந்திரம், எல்லாம் அவர் சொல்லாமல் விட்ட ஒரு வசனத்துக்குப் பதிலாகக் கட்டினது. அந்த வசனத்தைச் சொல்ல ஒரு போன் போதும்.

தயாளினி என்னை விட அமைதியாக இருந்தாள். பிள்ளையை எழுப்பி, "வெளியிலை ஜெனிற்றா அக்காவோடை நில்லு, அம்மா வாறன்," என்று அனுப்பினாள். கதவு சாத்துப்படும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணை, மயூரதன் படுத்துக் கிடந்த ஆறு மாசமும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுத்தனீங்கள்."

அவர் கதிரையின் நுனிக்கு வந்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறாய் எண்டு ஒவ்வொரு முறையும் கேட்டனீங்கள். கீழ்க்காய்நெல்லி அரைச்சுப் பாலிலை குடுக்கிறன் அண்ணை, கண் மஞ்சள் குறையுதில்லை எண்டு நான் அழுதனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தங்கச்சி..."

"சொல்லுங்கோ அண்ணை. டொக்டரும் கேக்கட்டும்."

பஞ்சலிங்கம் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் தயாளினிதான் அவருக்காகச் சொன்னாள்.

"நல்லது தங்கச்சி, விடாமல் குடு எண்டு சொன்னனீங்கள்."